மாநகராட்சித் தொடக்கப் பள்ளியின் ஆண்டறிக்கை: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி வட்டாரங்களில் உள்ள மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோருக்காக இந்தப் பக்கம். பள்ளி இந்த ஆண்டு என்ன செய்தது, அடுத்த ஆண்டு என்ன செய்யப்போகிறது, பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கும்போது எதைக் கவனிப்பது, எதைக் கேட்பது என்பதே இதில் இருக்கிறது. கணக்கு புரிவதற்காகக் காட்டியிருக்கும் மாணவர் எண்ணிக்கைகள் வெறும் உதாரணங்கள். விதி சார்ந்த எண்கள் உண்மையானவை.

ஆண்டறிக்கை கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு, மாநகராட்சிப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இந்தக் குழுவின் வேலை என்று அதே பிரிவு சொல்கிறது. 22-ஆவது பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் குழுதான். தலைமை ஆசிரியர் எழுதிக் கொண்டுவந்ததில் கையெழுத்து மட்டும் போடும் வழக்கம் பல இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுவாரியாக மூன்று துணைத் திட்டங்கள். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள், எழுதி முடித்திருக்க வேண்டும். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் தேவை, கட்டடமும் பொருளும் என்ன வேண்டும், அதற்குக் கூடுதல் பணம் எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். மார்ச் மாதக் கூட்டத்தில் முதல்முறையாகத் திட்டத்தைக் காட்டினால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

எந்தக் கூட்டத்திலும் ‘சேர்க்கை, சேர்க்கை’ என்றே பேசுகிறார்களே, ஏன்?

ஆசிரியர், பணம் இரண்டும் தலை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருகின்றன. இது ஒன்று புரிந்தாலே அறிக்கையின் பாதி புரிந்த மாதிரி.

முதலில் ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. 150-ஐத் தாண்டினால் கூடவே ஒரு தலைமை ஆசிரியர். தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்க ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறார்கள். அன்று 91 இருந்தால் நான்கு பேர், 90 இருந்தால் மூன்று பேர். ஐந்து வகுப்பை மூன்று பேர் பார்ப்பதற்கும் நான்கு பேர் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் தினமும் அனுபவிக்கிறார்கள்.

அடுத்தது பள்ளி மானியம். அதற்கு யு-டைஸ் (நாட்டின் எல்லாப் பள்ளிகளின் விவரமும் ஏறும் தரவுத்தளம்) பதிவில் செப்டம்பர் 30 அன்று உள்ள எண்ணிக்கைதான் கணக்கு. 101 பிள்ளைகள் இருந்தால் ரூ.50,000. நூறாகக் குறைந்தால் ரூ.25,000. ஒரே ஒரு பிள்ளை, பாதிப் பணம்.

வடசென்னையில் இந்த எண் ஆடிக்கொண்டே இருக்கும். கரையோரக் குடியிருப்புகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் பெரும்பாக்கம், கண்ணகி நகர் பக்கம் குடும்பங்கள் மாற்றப்படும்போது ஒரு தெருவின் பிள்ளைகள் மொத்தமாகக் குறைவார்கள். மணலி, மாதவரம் பக்கம் வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களால் ஆண்டின் நடுவில் கூடுவார்கள். ஜூனில் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. ஜூலைக் கடைசியிலும் செப்டம்பர் மூன்றாவது வாரத்திலும் குழு உறுப்பினர்கள் தெருத்தெருவாகப் போய், சேராமலும் வராமலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட வேண்டும். குறிப்பாக, ஐந்து வயது முடிந்தும் வீட்டிலேயே இருக்கும் குழந்தைகளை.

ஒரு எச்சரிக்கை. வராத பிள்ளையின் பெயரை எண்ணிக்கைக்காகப் பதிவேட்டில் வைத்திருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை வேறு பள்ளியில் சேரும்போது எமிஸ் எண் (கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்) பழைய பள்ளியிலேயே சிக்கிக்கொள்ளும். புத்தகம், சீருடை எல்லாம் தாமதமாகும்.

பள்ளி மானியம் எவ்வளவு? எதற்கெல்லாம் செலவு செய்யலாம்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) ஒருங்கிணைந்த பள்ளி மானியத்துக்கான அளவுகோல் இது: 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000; 101 முதல் 250 வரை ரூ.50,000, 251 முதல் 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1,00,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. நூலகத்துக்குத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000 வரையும், விளையாட்டுப் பொருளுக்கு ரூ.5,000 வரையும் தனியாக உண்டு.

140 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ரூ.50,000-இல் தூய்மைக்கு ரூ.5,000 எடுத்து வைத்தால் மீதி ரூ.45,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ரூ.3,750. பதிவேடு, சாக்பீஸ், குழாய் பழுது, மின்விசிறி பழுது, கற்பித்தல் பொருள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் ‘அம்பதாயிரம் வந்துச்சாமே, எங்கே போச்சு?’ என்ற சந்தேகமும் குறையும், எது அவசரம் என்று பேசவும் வரும்.

செலவைச் சரிபார்க்க மூன்று தாள்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள்: குழுத் தீர்மானப் பதிவேடு, பில், இருப்புப் பதிவேடு. தீர்மானத் தேதி பில் தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும். பில்லில் ‘இதர பொருட்கள்’ என்று ஒரே வரி இருந்தால் ஏற்காதீர்கள், பொருளும் எண்ணிக்கையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுந்து போய்ப் பொருளை நேரில் பாருங்கள். வாங்கிய கதைப் புத்தகம் பீரோவுக்குள் பூட்டியிருக்கிறதா, பிள்ளைகள் கைக்கு எட்டுமாறு கயிற்றில் தொங்குகிறதா என்பதைத் தாள் சொல்லாது.

பணம் ஏன் கடைசி நேரத்தில் வருகிறது? ஏன் திரும்பிப் போகிறது?

மானியம் தவணையாக விடுவிக்கப்படுகிறது. முன்பு போலப் பள்ளியின் கணக்கில் பணம் படுத்துக் கிடப்பதில்லை. செலவு வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். மார்ச் 31-க்குள் செலவாகாதது பள்ளிக்குக் கிடைக்காமல் போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் வரம்பு வந்தபிறகு என்ன வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தால் கொட்டேஷன் வாங்கவும் தீர்மானம் போடவுமே மாதம் ஓடிவிடும். கடைசி வாரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்குவார்கள்.

மருந்து எளிது. அக்டோபரிலேயே முன்னுரிமைப் பட்டியலைத் தீர்மானமாக எழுதி, முதல் ஐந்து வேலைக்கு மூன்று கடைகளில் விலை கேட்டுக் கோப்பில் வைத்திருங்கள். வரம்பு வந்த மறுநாள் வேலை தொடங்கலாம்.

‘ஒன்றிய அரசு நிதி வரவில்லை’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால்?

அது வெறும் சாக்கு அல்ல. மானியம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி 2024–25-க்குரிய ரூ.2,152 கோடி விடுவிக்கப்படாமல் நின்றது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் உங்கள் பள்ளியில் அதனால் நின்றது எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குழாய் பழுது பார்ப்பதும் கழிவறை கழுவுவதும் அந்த ஒரே நிதியை நம்பியவை அல்ல.

கட்டடம், கழிவறை, குடிநீர் யார் பொறுப்பு?

மாநகராட்சி. சொத்து வரியோடு சேர்த்துக் கல்வி வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே மாநகராட்சிப் பள்ளியில் எதையும் கேட்பது தயவு கேட்பது ஆகாது.

2011-இல் மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது திருவொற்றியூர், மணலி, மாதவரம் உள்ளே வந்தன. அங்கிருந்த அரசுப் பள்ளிகள் பின்னரே மாநகராட்சியின் கைக்கு மாறின. அதனால் அந்த மண்டலங்களில் பழைய கோப்பு ஒரு அலுவலகத்திலும் புதிய கோப்பு வேறு அலுவலகத்திலும் இருக்க வாய்ப்புண்டு. சுற்றுச்சுவர், பட்டா சம்பந்தமாக மனு கொடுக்கும்போது யாரிடம் கோப்பு இருக்கிறது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய வேலைக்கு வேறு வாசல்களும் உண்டு. 2023–24 நிதிநிலை அறிக்கையில் ரூ.1,000 கோடியில் அறிவிக்கப்பட்டு 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் பள்ளிகளை மேம்படுத்துவதும் ஒரு பகுதி. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு ரூ.3 கோடியும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ரூ.5 கோடியும் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. வார்டு உறுப்பினருக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. ‘பள்ளியை மேம்படுத்தித் தரவும்’ என்று மனு எழுதினால் நகராது. ‘மேல்மாடி மேற்குப் பக்க வகுப்பறைக் கூரை கசிகிறது, நீளம் இத்தனை அடி, புகைப்படம் இணைப்பு, குழுத் தீர்மான எண் இது’ என்று எழுதினால் பொறியாளர் மதிப்பீடு போட முடியும்.

கழிவறைக்கு 40 பிள்ளைகளுக்கு ஒன்று என்பது வழிகாட்டு அளவு. ஆனால் எண்ணிக்கையை விட முக்கியம் தண்ணீர். கதவு இருந்தும் குழாயில் தண்ணீர் இல்லையென்றால் பெண் குழந்தைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அறிக்கையில் ‘கழிவறை 4’ என்று வாசித்தால், ‘இன்று எத்தனை திறந்திருக்கிறது, எத்தனையில் தண்ணீர் வருகிறது?’ என்று கேளுங்கள்.

கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்க மெட்ரோ வாட்டர்தான். தொட்டியை எப்போது கழுவினார்கள் என்ற தேதி தொட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ‘அரும்பு, மொட்டு, மலர்’ என்றால் என்ன?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் தொடங்கிய திட்டம் இது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது நோக்கம். முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு, அடுத்த ஆண்டிலிருந்து 4, 5 வகுப்புகளுக்கும். அரும்பு தொடக்க நிலை, மொட்டு நடு நிலை, மலர் அந்த வகுப்புக்குரிய முழு நிலை. எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இதன் சாரம்.

‘உங்க பிள்ளை அரும்பு’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அடிக்காதீர்கள். அது மதிப்பெண் அல்ல, எங்கே தொடங்க வேண்டும் என்ற குறி.

நல்ல இலக்கு என்பது எப்படி இருக்கும்?

‘கற்றல் திறன் மேம்படுத்தப்படும்’ என்பது இலக்கே அல்ல. நடந்தது என்றும் சொல்லலாம், நடக்கவில்லை என்றும் சொல்லலாம். இலக்கில் யார், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

உதாரணமாக மூன்றாம் வகுப்பில் 28 பேர். தமிழில் அரும்பு 9, மொட்டு 11, மலர் 8. ‘அரும்பில் உள்ள 9 பேர் டிசம்பருக்குள் 3 ஆகக் குறைய வேண்டும்’ என்று எழுதினால் ஜனவரிக் கூட்டத்தில் அதைச் சரிபார்க்கலாம். சதவீதத்தில் சொல்ல விடாதீர்கள். சிறிய வகுப்பில் சதவீதம் ஏமாற்றும், தலை எண்ணிக்கை ஏமாற்றாது.

இலக்கு தவறினால் முதலில் அந்தப் பிள்ளைகளின் வருகையைப் பாருங்கள். அரும்பிலேயே நிற்பவர்களில் பலர் மாதத்தில் ஐந்தாறு நாள் வராதவர்களாக இருப்பார்கள். அப்படியானால் குறை பாடத்தில் இல்லை. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகும் அம்மா வீட்டில், சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவள் நின்றுவிடுகிறாள். அந்தச் சின்னக் குழந்தைக்கு அங்கன்வாடியில் இடம் வாங்கிக் கொடுத்தால் பெரியவளுக்குத் தமிழ் வரும். இதை ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது, குழு செய்யலாம்.

அறிக்கை சொல்வது சரியா என்று வீட்டில் பார்க்க முடியுமா?

பத்து நிமிடம் போதும். பிள்ளை இதுவரை படிக்காத பக்கம் ஒன்றை எடுங்கள், முந்தைய வகுப்புப் புத்தகமாக இருந்தாலும் சரி. படித்த பாடம் வேண்டாம், அது மனப்பாடம். படத்தைக் கையால் மறைத்துவிட்டு நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ‘கொ’ என்பதை ‘கெர’ என்று படித்தால் துணைக்காலையும் ‘ர’வையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சரியாகச் சொல்லிக் கடைசியில் என்ன படித்தாய் என்றால் விழித்தால், எழுத்து வந்திருக்கிறது, வாசிப்பு வரவில்லை. ல, ள, ழ உச்சரிப்புப் பிழைக்காக நடுவில் நிறுத்தாதீர்கள்.

கணக்குக்கு ‘முந்நூற்று ஐந்து’ எழுதச் சொல்லுங்கள். 3005 என்று எழுதினால் இடமதிப்பு பிடிபடவில்லை, காதில் கேட்டபடி 300-ஐயும் 5-ஐயும் ஒட்டி எழுதுகிறது. மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு 402-இலிருந்து 178-ஐக் கழிக்கக் கொடுங்கள். விடை 224. 376 என்று வந்தால் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது, கடன் வாங்கவில்லை. இதை அப்படியே ஆசிரியரிடம் சொல்லுங்கள். ‘கணக்கு வரல’ என்பதைவிட இது அவருக்குப் பல மடங்கு பயன்படும்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தரும் சிறு புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற படிகளில் வருகின்றன. பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டு அந்தப் படியிலேயே வீட்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

காலை உணவில் எவ்வளவு கொடுக்க வேண்டும்? எதைக் கவனிப்பது?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த திட்டம். சென்னைப் பள்ளிப் பிள்ளைக்கு உணவு புதிதல்ல. 1920-லேயே மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள்.

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. சமைத்த பிறகு 150 முதல் 200 கிராம் உணவும் 100 மில்லி சாம்பாரும். 120 பிள்ளைகளுக்கு 6 கிலோ ரவை, 1 கிலோ 800 கிராம் பருப்பு, 12 லிட்டர் சாம்பார். இந்த எண்ணிக்கை கையில் இருந்தால் பாத்திரத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம்.

சென்னையில் பொதுச் சமையல்கூடங்களில் சமைத்து வண்டியில் கொண்டுவருகிறார்கள். அதனால் குறை வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, சமையல்கூடத்துக்குச் சொன்ன எண்ணிக்கைக்கும் வந்து உட்காரும் எண்ணிக்கைக்கும் வித்தியாசம். மழைக்கு மறுநாள் மிஞ்சும், திருவிழா முடிந்த வாரம் பற்றாது. மற்றொன்று, வண்டி தாமதமாகி உப்புமா கட்டிதட்டிப் போவது. உறுப்பினர் ஒருவர் வாரம் ஒரு நாள் முறை வைத்து வந்து, சுவைத்து, வந்த நேரத்தையும் சாப்பிட்டவர் எண்ணிக்கையையும் எழுதி வைத்தால், மூன்று மாதத்தில் குறையை ஆதாரத்தோடு பேசலாம்.

மதிய உணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, பள்ளி நாட்களில் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

மழையில் போன நாட்களை எப்படி ஈடுசெய்கிறார்கள்?

1 முதல் 5 வகுப்புக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்பது சட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஏறக்குறைய ஒரு வாரம் பள்ளிகள் மூடிக் கிடந்தன. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்து புத்தகம், சீருடை போன குடும்பங்கள் உண்டு. சனிக்கிழமை வகுப்பு வைத்து நாளை நிரப்பலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் அறிக்கையில் கேளுங்கள். வடசென்னைப் பள்ளியின் ஆண்டுத் திட்டத்தில் செப்டம்பர் வேலையாக ஒரு வரி கட்டாயம் வேண்டும்: மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அடைப்பு எடுப்பது, தரையில் இருக்கும் மின்பெட்டியை உயர்த்துவது, பதிவேடுகளையும் அரிசியையும் மேல்தட்டுக்கு மாற்றுவது.

டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை. சேர்க்க மறுக்கலாமா?

கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது (கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு). மாற்றுச் சான்று வரத் தாமதம் என்பதற்காகவும் மறுக்கக் கூடாது (5-ஆவது பிரிவு). ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் (15-ஆவது பிரிவு). பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதேதான். அவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். தமிழ் தெரியவில்லை என்று எட்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அது சில மாதத்தில் நின்றுவிடும்.

பள்ளி பணம் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

சேர்க்கைக்கு எந்த நன்கொடையும் வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் (13-ஆவது பிரிவு). ஆண்டு விழாவுக்கு விருப்பப்பட்டுத் தருவது வேறு, ஆனால் அதற்கும் ரசீது வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலோரக் குடும்பங்களுக்கு அப்போது கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் ‘விருப்பத் தொகை’ என்று பட்டியல் சுற்றுவது, கொடுக்க முடியாத தாயைக் கூட்டத்துக்கே வராமல் செய்துவிடும்.

நிறுவனங்களின் உதவி வேறு விஷயம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். மணலியையும் எண்ணூரையும் சுற்றி எத்தனை ஆலைகள்! 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற மாநில அரசுத் திட்டத்தின் வழியாகத் தேவையைப் பதிவு செய்தால் கணக்கு வெளிப்படையாக இருக்கும். கணினியும் திரையும் கேட்பதற்கு முன் அதை யார் பழுது பார்ப்பார்கள், மின்கட்டணம் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்யுங்கள்.

கூட்டத்தில் கேட்டும் பதில் வரவில்லை. அடுத்து?

கேள்வியை எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள், வெற்றுத் தாளில் மட்டும் வேண்டாம். கழிவறை, குடிநீர், கட்டடம் என்றால் மாநகராட்சியின் 1913-இல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்வி சம்பந்தமானதற்கு 14417, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

நிதிக் கணக்கு மறுக்கப்பட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘எல்லாக் கணக்கும் வேண்டும்’ என்று எழுதாமல், பள்ளியின் பெயர், 33-இல் தொடங்கும் 11 இலக்க யு-டைஸ் எண், நிதியாண்டு, ‘பள்ளி மானியத்தில் வாங்கிய பொருட்களின் பில் நகல்’ என்று ஒன்றை மட்டும் கேளுங்கள்.

குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி அமைக்கப்படுகிறது. 2022-லும் 2024-லும் அப்படி நடந்தது. அடுத்த முறை அமைக்கும்போது கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்லி ஒரு வாரம் முன்பே தலைமை ஆசிரியரிடம் மனுக் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.